ரிவால்வரை ‘ட்யூன்’ பண்ணலாம்… ஆனால் எதுவரைக்கும்?

இன்ஸ்டாகிராமில் ஒரே ஒரு துப்பாக்கி ரீல்ஸை முழுதாகப் பார்த்துவிட்டால் போதும், அடுத்த ஒரு வாரத்துக்கு அல்காரிதம் உங்களை விடாது. அதில் அடிக்கடி வரும் காட்சி ஒன்று உண்டு. முழங்கை நீளத்துக்குப் பளபளவென ஒரு ரிவால்வர். முதல்முறையாக அதைக் கையில் வாங்கியவர் சிரித்தபடியே சுடுகிறார். துப்பாக்கி எகிறி அவர் நெற்றிப் பக்கம் வந்து நிற்கிறது. சுற்றியிருக்கும் நண்பர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

இப்படிப்பட்ட வீடியோக்களின் நிரந்தர ஹீரோ, அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனம் 2003-ல் இறக்கிய ‘மாடல் 500’. ‘வேலரன்ட்’ ஆடுகிறவர்களுக்கு ‘ஷெரிஃப்’ தெரியும். ஒரே ஷாட், ஒரே ஹெட்ஷாட். அந்த ஆசையின் நிஜ வடிவம்தான் இந்த மாதிரி பெரிய ரிவால்வர்கள். வித்தியாசம் என்னவென்றால், கேமில் வாங்கியதோடு முடிந்துவிடும். அமெரிக்காவில் வாங்கிய பிறகுதான் ஆரம்பமே. பிடியை மாற்று, ஸ்பிரிங்கை மாற்று, டிரிகரை இலகுவாக்கு, உள்ளே இருக்கும் இந்தப் பாகம் தேவையில்லை எடுத்துப் போடு என்று ஒரு பெரிய ‘ட்யூனிங்’ உலகம் அங்கே இருக்கிறது.

பைக்குக்கு சைலன்சர் மாற்றுகிற, ஆர்எக்ஸ் 100-ஐப் பிரித்துப் பிரித்து மாட்டுகிற நம் ஊர்ப் பையன்களின் அதே ரத்தம்தான் அது. ஒரு மெஷின் மேல் இருக்கிற காதல். அதை நான் குறை சொல்லப்போவதில்லை. என் கேள்வி வேறு. ஒரு துப்பாக்கியில் ‘இது என் ரசனை’ என்பது எங்கே முடிகிறது, ‘இதில் கைவைக்கக் கூடாது’ என்பது எங்கே தொடங்குகிறது? இந்தக் கோட்டை யார் போட வேண்டும்? அமெரிக்காவில் இப்போதைக்கு அதைத் துப்பாக்கிச் சொந்தக்காரரே போட்டுக்கொள்கிறார். அது தப்பு என்பது என் கட்சி. ஏன் என்று பார்ப்போம்.

‘பெரிய’ துப்பாக்கி என்றால் எவ்வளவு பெரிசு?

இந்தக் கதை ஐடஹோ மாநிலத்துப் பண்ணைக்காரர் ஒருவரிடமிருந்து தொடங்குகிறது. பெயர் எல்மர் கீத். பெரிய தொப்பி, வாயில் சுருட்டு, கையில் துப்பாக்கி என வாழ்ந்த மனிதர். அப்போது கடையில் கிடைத்த .44 ஸ்பெஷல் தோட்டா அவருக்குப் போதவில்லை. வீட்டிலேயே தோட்டாவில் மருந்தைக் கூட்டிப் போட்டு ஆண்டுக்கணக்கில் சோதித்துப் பார்த்தார். இதையே ஃபேக்டரியில் செய்துகொடுங்கள் என்று நிறுவனங்களிடம் விடாமல் கேட்டார், எழுதினார். கடைசியில் 1955-ன் இறுதியில் ரெமிங்டன் தோட்டாவைச் செய்தது, ஸ்மித் அண்ட் வெஸன் துப்பாக்கியைச் செய்தது. அதுதான் .44 மேக்னம். 1957-ல் அந்தத் துப்பாக்கிக்கு ‘மாடல் 29’ என்று பெயர் வந்தது.

கவனியுங்கள், இந்தத் துப்பாக்கி பிறந்ததே ஒரு ‘ட்யூனிங்’ பைத்தியத்தால்தான். ஆகவே இந்த உலகத்தில் ட்யூனிங் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் கிடையாது, பரம்பரைச் சொத்து.

பதினைந்து ஆண்டுகள் வேட்டைக்காரர்கள் மட்டும் வாங்கிக்கொண்டிருந்த மாடல் 29-ஐ ஒரு சினிமா தூக்கி நிறுத்தியது. 1971-ல் வந்த ‘டர்ட்டி ஹாரி’. கிளின்ட் ஈஸ்ட்வுட் அந்த ரிவால்வரை நீட்டிக்கொண்டு பேசிய வசனம் உலகம் முழுக்கப் பரவியது. படம் வந்த பிறகு கடைகளில் இந்த மாடலுக்குத் தட்டுப்பாடு. பட்டியல் விலைக்கு மேல் கொடுத்து வாங்கியவர்களும் உண்டு. சினிமா பார்த்து ஹேர்ஸ்டைல் மாற்றுகிற நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஒரு சின்ன வேடிக்கை: .44 என்பது பெயரில்தான். உண்மையில் அந்தக் குண்டின் விட்டம் 0.429 அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 10.9 மில்லிமீட்டர். மார்க்கெட்டிங் அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது.

சரி, சக்தி எவ்வளவு? போலீஸ்காரர்கள் பலர் வைத்திருக்கும் 9 எம்எம் பிஸ்டலின் குண்டு குழலை விட்டு வெளியேறும்போது சுமார் 500 ஜூல் ஆற்றலோடு போகிறது. .44 மேக்னம் குண்டு 15 கிராமுக்குச் சற்று அதிகம், வேகம் வினாடிக்கு 400 மீட்டரைத் தாண்டும். கணக்குப் போட்டால் சுமார் 1,300 ஜூல். மாடல் 500-ல் அது 3,500 ஜூல். ராணுவங்கள் பயன்படுத்தும் 5.56 எம்எம் ரைஃபிள் குண்டே 1,700, 1,800 ஜூல் அளவில்தான் இருக்கும். ரைஃபிளைத் தோளில் முட்டுக்கொடுத்துப் பிடிக்கிறார்கள். அதைப்போல இரண்டு மடங்கை இங்கே வெறும் மணிக்கட்டு வாங்குகிறது. தோட்டாவின் பருமனால் சிலிண்டரில் வழக்கமான ஆறுக்குப் பதில் ஐந்துதான் அடங்கும். நீளக் குழல் கொண்ட மாடலின் எடை இரண்டு கிலோ. இவ்வளவு எடை இருந்தும்தான் அது நெற்றிக்கு வருகிறது.

இதை யார் வாங்குகிறார்கள்? ‘கரடிக்கு’ என்பார்கள். அலாஸ்காவில் மீன்பிடிக்கப் போகிறவர்கள், வேட்டை வழிகாட்டிகள் இடுப்பில் பெரிய ரிவால்வர் வைத்துக்கொள்வது நிஜம். ரூகர் நிறுவனம் குட்டைக் குழல் வைத்த ஒரு ரிவால்வருக்கு ‘அலாஸ்கன்’ என்றே பெயர் வைத்தது. ஆனால் அதே அலாஸ்காவில் நடந்த சம்பவங்களை வைத்து 2008-ல் வெளியான ஆய்வு, மிளகாய் ஸ்பிரே பழுப்புக் கரடிகளை 92 சதவீத சம்பவங்களில் தடுத்து நிறுத்தியதாகச் சொல்கிறது. அந்த ஸ்பிரேவை வாங்கியவர் அதை ட்யூன் பண்ணுவதில்லை. பெரும்பாலான பெரிய ரிவால்வர்கள் தம் வாழ்நாளில் சுடுவது காகிதத்தைத்தான். அது ஒரு பொழுதுபோக்கு, கொஞ்சம் காஸ்ட்லியான பொழுதுபோக்கு. துப்பாக்கி ஆயிரம் டாலருக்கு மேல். .500 தோட்டா ஒன்றுக்கே இரண்டு மூன்று டாலர் ஆகும். ஒரு முறை சிலிண்டரைக் காலி பண்ணினால் ஒரு குடும்பத்தின் பிரியாணிச் செலவு.

கையை வைத்தால் என்னென்ன மாற்றலாம்?

ட்யூனிங் என்றால் எல்லாமே ஆபத்து என்று நினைக்க வேண்டாம். அதில் பாதி உண்மையிலேயே நல்ல வேலை.

பிடியை எடுத்துக்கொள்வோம். மரப்பிடி பார்க்க அழகு, .44 சுடும்போது உள்ளங்கை கதறும். மென்மையான ரப்பர் பிடி போட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. குறிபார்க்கும் முன் முனையில் பளிச்சென்ற ஃபைபர் புள்ளி வைப்பது, சிவப்புப் புள்ளி சைட் பொருத்துவது எல்லாம் கண்ணுக்கு உதவி. இதில் யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

அடுத்தது சிலிண்டரும் குழலும். ரிவால்வரில் தோட்டா ஓரிடத்தில் வெடிக்கிறது, குண்டு ஒரு சின்ன இடைவெளியைத் தாண்டிக் குழலுக்குள் நுழைகிறது. அந்த இடைவெளி சாதாரணமாக 0.15 மில்லிமீட்டர் இருக்கும். ஏடிஎம் கார்டின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு. அதிகமானால் ஆற்றல் பக்கவாட்டில் வீணாகும். குறைந்தால் சூடேறியதும் சிலிண்டர் உரசி நிற்கும். அந்த இடைவெளி வழியாகப் பக்கவாட்டில் பீறிடும் வாயு லேசுப்பட்டது கிடையாது. மாடல் 500 போன்றவற்றில் விரலை அந்த இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் விரலையே கிழித்துவிடும். பிஸ்டல் பிடித்துப் பழகியவர்கள் அதே பழக்கத்தில் கட்டைவிரலை முன்னே நீட்டி மாட்டிக்கொள்வது உண்டு.

அதேபோல, சிலிண்டரின் ஒவ்வொரு அறையின் வாய்ப்பகுதியும் குண்டின் அளவுக்குப் பொருந்த வேண்டும். ரூகரின் .45 கோல்ட் ரிவால்வர்கள் சிலவற்றில் இந்த வாய் சற்றுக் குறுகலாக வந்ததால், வாங்கியவர்கள் நல்ல கன்ஸ்மித்திடம் கொடுத்துச் சீராக்கிக்கொள்வது ரொம்ப நாளாக நடக்கிறது. செய்த பிறகு குறி தப்புவது குறையும், குழலில் ஈயம் ஒட்டுவதும் குறையும். ஃபேக்டரி விட்ட குறையை ஒரு கைவினைஞர் சரிசெய்கிறார், அவ்வளவுதான். இந்த மாதிரி வேலையைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

எடை விஷயத்தில் மட்டும் ஃபேக்டரிகளே கொஞ்சம் ஓவராகப் போய்விட்டன என்று தோன்றுகிறது. ஸ்காண்டியம் கலந்த அலுமினிய உடலும் டைட்டானியம் சிலிண்டரும் கொண்ட .44 மேக்னம் ஒன்று உண்டு. எடை முக்கால் கிலோ கூட இல்லை. இடுப்பில் வைத்துக்கொள்ளச் சுகம், சுட்டால் நரகம். இப்படிப்பட்ட லேசான துப்பாக்கிகளில் இன்னொரு சிக்கல்: முதல் தோட்டா வெடிக்கும் உதறலில், வரிசையில் காத்திருக்கும் மற்ற தோட்டாக்களின் குண்டுகள் மெல்ல முன்னால் நகர்ந்து வெளியே எட்டிப்பார்க்கும். பிறகு சிலிண்டர் சுற்றாது. கரடி எதிரே நிற்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது டிரிகருக்கு வருவோம். உண்மையான சண்டை இங்கேதான்.

ஒரு விரலில் ஐந்து கிலோ அரிசிப் பை

நவீன ரிவால்வரை இரண்டு விதமாகச் சுடலாம். ஹேமரைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டு டிரிகரைத் தொடுவது ஒரு விதம். இதற்கு ஒன்றரை கிலோ அளவு அழுத்தம் போதும், ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் எடை. ஹேமரைத் தொடாமல் டிரிகரை மட்டும் நீளமாக இழுத்துச் சுடுவது இன்னொரு விதம். டிரிகரே சிலிண்டரைச் சுற்றி, ஹேமரைத் தூக்கி, விடுகிறது. இதற்கு ஐந்து கிலோ வரை இழுக்க வேண்டும். ஐந்து கிலோ அரிசிப் பையை ஆள்காட்டி விரலின் நுனியில் மாட்டித் தூக்குவது மாதிரி. குறி அசையாமல் இதைச் செய்வது லேசில்லை. எனவே ஸ்பிரிங்கை மாற்றி, உள்ளே உரசும் பரப்புகளை மெருகேற்றி இந்த எடையைக் குறைப்பதுதான் ரிவால்வர் உலகின் நம்பர் ஒன் ட்யூனிங் வேலை.

மெருகேற்றுவது நல்லது. ஸ்பிரிங்கைத் தளர்த்துவதில்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஹேமரை முன்னே தள்ளும் ஸ்பிரிங் தளர்ந்தால் ஹேமரின் அடியும் தளரும். அடி தளர்ந்தால் தோட்டாவின் பின்புறத்தில் இருக்கும் பற்றவைக்கும் மூடி சில நேரம் பற்றாது. ‘க்ளிக்’ என்று சத்தம் மட்டும் வரும். ரிவால்வரை மக்கள் இன்னும் நம்புவதற்கு ஒரே காரணம் ‘இழுத்தால் சுடும்’ என்ற நம்பகம். அதையே விற்றுத்தான் இந்தச் சுகத்தை வாங்குகிறோம்.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் உண்டு. பெரிய ரிவால்வர் எகிறும்போது கை தன்னையறியாமல் இறுகும். இறுகும் விரல் டிரிகரை மறுபடி இழுத்துவிட்டால் இரண்டாவது தோட்டா வானத்தைப் பார்த்தோ, சுடுபவரைப் பார்த்தோ வெடிக்கும். அதனால்தான் புதியவர் கையில் மாடல் 500-ஐக் கொடுக்கும்போது, விவரம் தெரிந்தவர்கள் சிலிண்டரில் ஒரே ஒரு தோட்டாதான் போட்டுக்கொடுப்பார்கள். டிரிகர் எவ்வளவு லேசோ, அந்த இரண்டாவது தோட்டா அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது.

ஜெர்ரி மிகுலெக் என்ற அமெரிக்கப் போட்டியாளர் 1999-ல் ஒரு .45 ரிவால்வரில் ஆறு சுட்டு, மறுபடி தோட்டா நிரப்பி, இன்னும் ஆறு சுட்டார். மொத்தம் 2.99 வினாடி. வீடியோவைப் பார்த்தால் நிஜமா எடிட்டிங்கா என்று சந்தேகம் வரும். அவருடைய துப்பாக்கியும் ட்யூன் செய்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஸ்பிரிங்கை வாங்கி மாட்டினால் 2.99 வந்துவிடாது. இதைச் சொன்னால் ஏனோ துப்பாக்கிப் பிரியர்களுக்குக் கோபம் வரும். புது ஷூ வாங்கினால் ஓட்டம் வந்துவிடும் என்று நம்புகிற ஜிம் நண்பர்களுக்கு வருகிற அதே கோபம்.

இதுவரை சொன்னதெல்லாம்கூட சுடுபவருக்கும் அவர் விரலுக்கும் உள்ள பிரச்சினை. இனிமேல் சொல்லப்போவது விரலே இல்லாமல் வெடிக்கிற கதை.

கீழே விழுந்தால் வெடிக்கும் துப்பாக்கி

பழைய ரிவால்வர்களில் ஹேமர் நேராகத் தோட்டாவின் மேல் உட்கார்ந்திருக்கும். ஹேமர் மேல் ஒரு தட்டுப் பட்டால் போதும், டமால். 1873-ல் வந்த கோல்ட் ரிவால்வரில் ஆறு அறை இருந்தாலும் விவரமானவர்கள் ஐந்துதான் நிரப்பினார்கள். காலி அறை மேல் ஹேமரை வைத்துக்கொண்டார்கள்.

பிறகு ஹேமருக்கும் தோட்டாவுக்கும் நடுவில் ஒரு சின்னத் தகடு நிற்கும்படி வடிவமைப்புகள் வந்தன. டிரிகரை முழுதாக இழுத்தால் மட்டும் அந்தத் தகடு விலகும். அதிலும் குறை இருந்தது. 1944-ல் அமெரிக்கக் கடற்படை மாலுமி ஒருவர், கப்பலின் இரும்புத் தளத்தில் விழுந்த ஸ்மித் அண்ட் வெஸன் ரிவால்வர் வெடித்ததில் இறந்தார். நிறுவனம் அந்தத் தடுப்புத் தகட்டை அவசர அவசரமாக மாற்றி வடிவமைத்தது. இன்று அந்த நிறுவனத்தின் ரிவால்வர்களில் பக்கத் தட்டைத் திறந்தால் தெரிகிற மெல்லிய தகடு, ஒரு மனிதர் உயிரைக் கொடுத்து வந்தது.

அந்தத் தகட்டைத்தான், ‘உரசுது, டிரிகர் ஸ்மூத்தா இல்லை’ என்று சொல்லிச் சிலர் கழற்றி வைக்கிறார்கள். போட்டியில் மட்டும் பயன்படுத்தும் துப்பாக்கி, இடுப்பில் தோட்டா நிரப்பி வைப்பதில்லை, ஆகவே பரவாயில்லை என்பது அவர்கள் வாதம்.

ரூகரின் கதை இன்னும் சுவாரஸ்யம். அந்த நிறுவனத்தின் பழைய ‘சிங்கிள் ஆக்‌ஷன்’ ரிவால்வர்கள், பிளாக்ஹாக் .44 மேக்னம் உட்பட, கோல்ட் பாணியில்தான் இருந்தன. ஆறும் நிரப்பிக் கீழே போட்டால் வெடிக்கலாம். விபத்துகள், வழக்குகள் வந்தன. 1973-ல் ரூகர் வடிவமைப்பை மாற்றியது. ‘டிரான்ஸ்ஃபர் பார்’ என்று ஒரு பாகம். டிரிகரை இழுத்தால் மட்டும் அது மேலே வந்து ஹேமரின் அடியைத் தோட்டாவுக்குக் கடத்தும், இழுக்காவிட்டால் ஹேமர் எதையும் தொடாது. 1982-ல் ஒரு படி மேலே போய், பழைய துப்பாக்கியை அனுப்புங்கள், இலவசமாகப் புதுப் பாகம் போட்டுத் தருகிறோம் என்று அறிவித்தது. நாற்பது ஆண்டுகள் கழித்தும் இந்தச் சலுகை நடப்பில் இருக்கிறது.

இலவசம், உயிர் காக்கும். எல்லோரும் அனுப்பியிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. மாற்றினால் டிரிகரின் பழைய ‘ஃபீல்’ போய்விடும், சேகரிப்பாளர் மத்தியில் மதிப்புக் குறைந்துவிடும் என்று இன்றும் மாற்றாமல் வைத்திருப்பவர்கள் பலர். அந்தக் கால டிரிகரின் நான்கு ‘க்ளிக்’ சத்தத்துக்காகவே வைத்திருப்பவர்கள் உண்டு. சத்தத்துக்காக!

ஒரு பூட்டு, ஒரு புறக்கணிப்பு

இந்தப் பிடிவாதத்தைப் புரிந்துகொள்ள 2000-க்குப் போக வேண்டும். அந்த மார்ச்சில் ஸ்மித் அண்ட் வெஸன், அதிபர் கிளின்டன் அரசுடன் ஓர் ஒப்பந்தம் போட்டது. துப்பாக்கிகளில் பூட்டு வைப்பது, விற்பனையில் கட்டுப்பாடு என்று பல அம்சங்கள். துப்பாக்கி ஆதரவாளர்கள் கொதித்தார்கள். ‘துரோகி’ என்று சொல்லி அந்த நிறுவனத்தையே புறக்கணித்தார்கள். விற்பனை சரிந்தது. 1987-ல் 11.25 கோடி டாலர் கொடுத்து அந்த நிறுவனத்தை வாங்கியிருந்த பிரிட்டனின் டாம்கின்ஸ், 2001-ல் வெறும் ஒன்றரைக் கோடி டாலருக்கு விற்றுவிட்டு ஓடியது. வாங்கியது யார் தெரியுமா? துப்பாக்கிப் பூட்டு செய்கிற ஒரு சின்ன அரிசோனா கம்பெனி.

பிறகு என்ன, ரிவால்வரின் இடப்பக்கம் ஒரு சின்னச் சாவித் துளை வந்தது. ஹிலாரி கிளின்டனைக் கிண்டலடித்து அதற்கு ‘ஹிலாரி ஓட்டை’ என்றே பெயர் வைத்தார்கள். ‘இந்த ஓட்டை இருந்தால் வாங்க மாட்டேன்’ என்பவர்களும், வாங்கிய கையோடு பூட்டைக் கழற்றி அந்தத் துளையை அடைப்பவர்களும் உருவானார்கள். லேசான மேக்னம்களில் சுடும் அதிர்விலேயே பூட்டு தானாக மாட்டிக்கொண்டதாகப் புகார்களும் வந்தன.

பூட்டு விஷயத்தில் எனக்கு அவர்கள் மீது கொஞ்சம் அனுதாபம் உண்டு. அவசரத்துக்கு வைத்திருக்கும் துப்பாக்கியில் தானாக மாட்டிக்கொள்ளலாம் என்று சந்தேகம் வருகிற ஒரு பாகத்தை யாரும் விரும்ப மாட்டார்கள். வீட்டில் குழந்தை இருந்தால் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது இதைவிட நல்ல வழி. சமீபத்தில் நிறுவனமே சில மாடல்களைப் பூட்டு இல்லாமல் விற்கத் தொடங்கிவிட்டது. ரைட்.

ஆனால் அந்தக் கோபம் பூட்டோடு நிற்கவில்லை என்பதுதான் வருத்தம். ‘பாதுகாப்புப் பாகம்’ என்று பெயர் வைத்த எதுவுமே அரசாங்கம் திணித்தது, வக்கீல் திணித்தது என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டது. 1944-ல் ஒரு மாலுமி இறந்ததால் வந்த தகடும், 2001-ல் அரசியலால் வந்த சாவித் துளையும் அவர்கள் கண்ணுக்கு ஒரே வகையறாவாகத் தெரிகின்றன. இரண்டும் ஒன்றில்லை. பூட்டைக் கழற்றினால் துப்பாக்கி கீழே விழுந்தால் வெடிக்காது. தகட்டைக் கழற்றினால் வெடிக்கலாம். நான் போடச் சொல்லும் கோடு இங்கேதான். டிரிகரை இழுக்காமல் சுடவிடாமல் தடுக்கும் பாகம் எதுவோ, அது ரசனைக்கு அப்பாற்பட்டது.

பொம்மைக்கு உண்டு, நிஜத்துக்கு இல்லை

அமெரிக்காவில் டோஸ்டர் தீப்பிடித்தால், தொட்டில் கம்பியில் குழந்தையின் தலை மாட்டினால், திரும்பப் பெறச் சொல்ல நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் இருக்கிறது. அதை உருவாக்கிய 1972 சட்டம் துப்பாக்கியை விலக்கி வைத்துவிட்டது. இதன் அபத்தம் 2001-ல் பளிச்சென்று தெரிந்தது. சிறுவர்கள் பயன்படுத்தும் டெய்சி காற்றுத்துப்பாக்கிகளில் குறை இருக்கிறது, 75 லட்சம் துப்பாக்கிகளைத் திரும்பப் பெற வேண்டும் என்று அதே ஆணையம் நடவடிக்கை எடுத்தது. காற்றுத்துப்பாக்கிக்கு அந்த அதிகாரம் இருக்கிறது. கரடியைச் சாய்க்கும் ரிவால்வருக்கு இல்லை.

கலிபோர்னியா மாதிரி சில மாநிலங்கள் விதிவிலக்கு. 2001 முதல் அங்கே புதிதாக விற்கப்படும் கைத்துப்பாக்கி மாடல்கள், கான்கிரீட்டில் போட்டுப் பார்க்கும் சோதனையில் தேற வேண்டும். நல்லதுதான். ஆனால் அந்தச் சோதனை கடை வாசலோடு முடிகிறது. வாங்கியவர் வீட்டு மேஜையில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்த பிறகு யாரும் பார்ப்பதில்லை.

நம் நாட்டில் இந்தப் பேச்சே பெரிதாக எழாது. 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமில்லை, பழுதுபார்ப்பதைத் தொழிலாக நடத்தவே தனி லைசென்ஸ் வேண்டும். 2019 திருத்தம் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. லைசென்ஸ்காரர்களிடம் இருக்கும் ரிவால்வரும் பெரும்பாலும் .32 தான். எனவே இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் ஸ்பிரிங் ஆர்டர் போடப்போவதில்லை என்ற நிம்மதியோடுதான் எழுதுகிறேன்.

‘என் துப்பாக்கி, என் பொறுப்பு’

அமெரிக்கத் துப்பாக்கிக்காரர்களிடம் இதற்குப் பதில் தயாராக இருக்கும். உண்மையான சேஃப்டி இரண்டு காதுக்கும் நடுவில்தான் இருக்கிறது, சுடும்வரை விரலை டிரிகருக்கு வெளியே வைத்தால் ஒன்றும் ஆகாது, கவனமாக இருப்பவனுக்கு இந்தத் தகடெல்லாம் எதற்கு என்பார்கள். விரல் விஷயத்தில் அவர்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் கை தவறி விழும் துப்பாக்கிக்கு விரலே தேவையில்லை. கவனமானவர்கள் கையிலிருந்தும் பொருள் விழும். செல்போன் ஸ்கிரீன் மாற்றுகிற கடைகள் இத்தனை இருப்பதே சாட்சி.

இந்த வாதத்தில் எனக்குப் பெரிய ஓட்டையாகத் தெரிவது இன்னொன்று. ‘என் துப்பாக்கி’ என்கிறார்களே, எத்தனை நாளைக்கு அது அவர் துப்பாக்கி? நல்ல ரிவால்வர் நூறு வருஷம் உழைக்கும். மனிதன் அவ்வளவு உழைப்பதில்லை. தாத்தா இறந்தால் பேரனுக்கு வரும், பேரனுக்கு வேண்டாமென்றால் கடைக்குப் போகும், கடையிலிருந்து யாரோ ஒருவருக்குப் போகும். பூட்டைக் கழற்றினால் வெளியே ஓட்டை தெரியும். தகட்டைக் கழற்றினால் வெளியே எதுவுமே தெரியாது. டிரிகர் ‘செம ஸ்மூத்’ என்று சந்தோஷப்பட்டு வாங்குபவருக்கு, அது ஏன் ஸ்மூத் என்று சொல்ல ஆள் இருக்காது. போட்டிக்கு மட்டும் என்று கழற்றியவர் அந்த நிபந்தனையைத் துப்பாக்கி மேல் எழுதி வைக்கவில்லை.

நம் ஊரில் பைக்கின் இன்ஜினையே மாற்றினால் ஆர்சி புக்கில் ஏற்ற வேண்டும். எத்தனை பேர் செய்கிறார்கள் என்பது வேறு கதை, ஆனால் விதி இருக்கிறது. ஏன் இருக்கிறது? அடுத்து வாங்குபவருக்குத் தெரிய வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கிப் பதிவேடு என்ற சொல்லைச் சொன்னாலே சண்டை வரும், ஆகவே அந்த வழி நடக்காது. நடக்கக்கூடிய சின்ன வழி ஒன்று இருக்கிறது. சுடாமல் தடுக்கும் பாகத்தைக் கழற்றுகிற கன்ஸ்மித், கழற்றியதற்கான அடையாளத்தைத் துப்பாக்கியின் சட்டத்திலேயே பொறிக்க வேண்டும் என்று மாநிலங்கள் விதி செய்யலாம். பழைய துப்பாக்கியை விற்கும் கடைக்காரர் பக்கத் தட்டைத் திறந்து அந்தத் தகடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விற்க வேண்டும் என்று சொல்லலாம். பத்து நிமிஷ வேலை. யாருடைய துப்பாக்கியையும் யாரும் பிடுங்கப்போவதில்லை. ஸ்பிரிங்கை மாற்றுங்கள், பிடியை மாற்றுங்கள், தங்க முலாம்கூடப் பூசிக்கொள்ளுங்கள்.

ரூகருக்கு அனுப்பி மாற்றிக்கொண்ட பழைய பிளாக்ஹாக்குகள் இதற்கு நல்ல உதாரணம். துப்பாக்கி திரும்பி வரும்போது, கழற்றிய பழைய பாகங்களையும் நிறுவனம் கூடவே அனுப்பிவிடுகிறது. சேகரிப்பாளர்களைச் சமாதானப்படுத்த அது தேவைப்பட்டிருக்கும். அந்தத் துப்பாக்கி கைமாறும்போது ‘ஒரிஜினல் பாகங்கள் உண்டு’ என்று விளம்பரத்தில் பெருமையாகப் போடுகிறார்கள், அதற்காகவே கூடுதல் விலையும் கேட்கிறார்கள். வாங்கியவர் அந்தப் பொட்டலத்தைப் பிரித்து, 1973-க்கு முன்பு இருந்த மாதிரியே திரும்ப மாட்டிக்கொண்டால் அவரைக் கேட்க ஆளில்லை.